தலைவர் வண்டிக்கு மூச்சுத் திணறல்

அந்தத் தெருவில் எதிரெதிரே இரண்டு ஒர்க்‌ஷாப்புகள். ஒன்றுக்குக் கண்ணாடிக் கதவு, இன்னொன்றுக்குக் கதவே கிடையாது. கண்ணாடிக் கதவுக்குச் சொந்தக்காரர் அண்ணன். கதவில்லாத ஷெட் தங்கச்சியுடையது. இருவருக்கும் பொதுவான சொத்து அம்மா. அம்மாவுக்குச் சொத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காலையில் நிழல் மகன் பக்கம் விழும், அங்கே உட்காருவார். மத்தியானம் சாய்ந்தால் நிழல் மகள் பக்கம் வரும், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்துவிடுவார். "நான் யார் பக்கமும் இல்ல, நிழல் பக்கம்" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிவைப்பார்.

அண்ணன் ஒரு காலத்தில் நல்ல மெக்கானிக். பிறகு முன்னேறிவிட்டார். இப்போது வெள்ளைச் சட்டை. கையில் கிரீஸ் பட்டுப் பல வருஷமாகிறது. ஆட்களுக்கெல்லாம் நீலச் சட்டை, நீலத் தொப்பி. அவரை யாரும் அண்ணே என்று கூப்பிடக் கூடாது, எம்.டி. என்றுதான் கூப்பிட வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் மொத்தம் ஆறு பேர் இருக்கிற இடத்துக்கு எம்.டி. எதற்கு என்று கேட்ட ஏழாவது ஆள் அன்றே வேலையை விட்டு நின்றான்.

தங்கச்சியும் முதலில் அங்கேதான் இருந்தாள். வாசல் மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பது அவளுக்குக் கொடுத்த வேலை. தொழில் அவளுக்குக் கைவந்தது, சிரிப்புதான் வராது. ஒருநாள் ஒரு வண்டி வாசலில் வந்து நின்ற சத்தத்தை வைத்தே, "உங்க ஃபேன் பெல்ட் இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு" என்று மேஜையிலிருந்து சொல்லிவிட்டாள். அண்ணன் உள்ளே கூப்பிட்டு, "உன் வேலை சிரிக்கிறது. சத்தம் கேக்குறதுக்கு மெஷின் வாங்கி வெச்சிருக்கேன்" என்றார். அவள் எழுந்து வெளியே போனவள் நேராகச் சாலையைக் கடந்து காலியாகக் கிடந்த ஷெட்டைப் பேசி முடித்துவிட்டுத்தான் புருஷனுக்குச் சொன்னாள்.

புருஷனுக்கு ஊரில் டாக்டர் என்று பெயர். அண்ணனிடம் தலைமை மெக்கானிக்காக இருந்தவர். ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி, மறுமுனையை இன்ஜின்மேல் நகர்த்திக்கொண்டே போய், எங்கே காற்று கசிகிறது என்று கண்டுபிடிப்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. கண்ணை மூடிக்கொண்டு "ம்..." என்பார். "எத்தனை நாளா இருக்கு?" என்பார். வண்டிக்காரர் பயந்துபோய் வாயைத் திறந்து நாக்கை நீட்டாததுதான் பாக்கி. பந்தா இல்லாத ஆள் வேண்டுமென்றால் அந்தக் குடும்பத்தில் வண்டிகளுக்குள்தான் தேட வேண்டும்.

ஷெட் திறந்த நாளிலிருந்து வந்த வண்டிகளைவிட வந்த காக்கைகள் அதிகம். இந்த நேரத்தில்தான் வாடகைக் கார் ஓட்டுநர் சங்கம், சங்கத்து வண்டிகள் அத்தனையையும் இனி ஒரே ஒர்க்‌ஷாப்பில் பார்ப்பதென்று முடிவெடுத்தது. எந்த ஒர்க்‌ஷாப் என்பது தலைவர் வாயிலிருந்து வர வேண்டும்.

தலைவர் தொழிலாளியின் தோழன். சங்கத்துப் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. தோழனுடைய வண்டி கறுப்பு. நீளமென்றால் நீளம், தெருமுனையில் முன்பாதி திரும்பிவிட்டுப் பின்பாதிக்காகக் காத்திருக்கும். பானெட்டின் நடுவில் ஒரு பித்தளைச் சிங்கத்தலை, பிளந்த வாயோடு. தலைவர் தேர்தலில் ஜெயித்ததற்கு அண்ணன் கொடுத்த பரிசு அது. அதைப் பூட்டுவதற்காக அண்ணன் அன்று மட்டும் சொந்தக் கையால் ஸ்பேனர் பிடித்தார், படம் எடுக்க ஆள் வைத்து.

அப்படிப்பட்ட வண்டிக்குச் சில நாளாக மூச்சுத் திணறல். ஓடும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக ஏறும், தானாக இறங்கும், இதோ அணைந்தேன் என்று நடுங்கும், மறுபடி அலறி ஏறும். அண்ணனுடைய மெஷின் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று திரையில் காட்டியது. எங்கிருந்தோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது, சரி. எங்கிருந்து என்று மெஷின் சொல்லவில்லை. கேட்கிற அளவுக்கு யாரும் அதோடு பழகியிருக்கவில்லை. ஏர் ஃபில்டரை மாற்றினார்கள். சென்சாரை மாற்றினார்கள். வாசலில் ஓடவிட்டுப் பார்த்தால் இன்ஜின் பூனைபோல் உறுமும். "ஓகே" என்று அனுப்புவார்கள். தலைவர் முதல் சிக்னலிலேயே திரும்பி வந்துவிடுவார்.

அண்ணன் யோசித்தார். தன்னால் முடியாததைத் தங்கச்சியிடம் தள்ளிவிட்டால், அவளாலும் முடியாது. அப்போது குறை ஒர்க்‌ஷாப்பில் இல்லை, வண்டியில்தான் என்று ஆகிவிடும். அன்றிரவு அம்மா எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தபோது சாதாரணமாக ஆரம்பித்தார்.

"சனிக்கிழமை தலைவர் வண்டியை உன் ஷெட்டுக்கு அனுப்புறேன். சரி பண்ணிட்டீங்கன்னா சங்கத்து வண்டி பூரா உங்களுக்கு. நான் குறுக்க வரமாட்டேன்."

"முடியலைன்னா?" என்றார் டாக்டர்.

"போர்டைக் கழட்டிட்டு திங்கக்கிழமை ரெண்டு பேரும் பழையபடி வந்துடணும். மாப்பிள்ளைக்கு ஒரு தொப்பி தனியா எடுத்து வெச்சிருக்கேன். தங்கச்சிக்கு அதே மேஜை, அதே நாற்காலி."

"அதே சிரிப்பா?" என்றார் அம்மா.

"சரி" என்றாள் தங்கச்சி. டாக்டர் அவசரமாகத் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்.

சனிக்கிழமை காலையிலேயே டிரைவர்கள் வந்துவிட்டார்கள். சவாரியை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்த வண்டிகள் தெரு நெடுக நின்றன. வெயில் ஏற ஏற ஷெட்டின் தகரக் கூரை படபடவென்று வெடித்தது. தலைவர் வந்து இறங்கினார். இன்ஜின் அவருக்குப் பின்னால் ஏறி இறங்கி ஓலமிட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைத் தன் வருகைக்கான கோஷம்போல எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் கையசைத்தார்.

"பாத்துக்கம்மா. இது வண்டி இல்ல, இயக்கம்."

"நின்னா இயங்க மாட்டேங்குதே தலைவரே."

டிரைவர்கள் சிரித்தார்கள். எதிரே கண்ணாடிக் கதவருகில் அண்ணன் டீ கிளாஸோடு வந்து நின்றார்.

டாக்டர் பானெட்டைத் தூக்கினார். வண்டி வந்ததும் பானெட்டைத் தூக்குவது அந்தத் தொழிலில் வணக்கம் சொல்வது மாதிரி. கை தானாகப் போகும். தூக்கியதும் இன்ஜின் சட்டென்று அடங்கியது. ஒரே சீராக, ஒன்றுமே நடக்காததுபோல.

"டாக்டரைப் பாத்ததும் நோய் ஓடிப்போச்சு" என்றார் ஒரு டிரைவர்.

டாக்டர் குழாயைக் காதில் செருகிக் கண்ணை மூடினார். "ம்..." என்றார். இன்னொரு "ம்" என்றார். தங்கச்சிக்குத் தெரியும், ஒரு "ம்" என்றால் கண்டுபிடித்துவிட்டார், இரண்டு "ம்" என்றால் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் ஸ்ப்ரே டப்பாவை எடுத்தாள். இணைப்பு இணைப்பாகச் சின்னச் சின்னதாய் அடித்துக்கொண்டு வந்தாள். எங்காவது ஓட்டை இருந்தால் அந்த ஸ்ப்ரேயை இன்ஜின் உள்ளே இழுக்கும், சத்தம் மாறும். அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மாறவில்லை. வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது, துடைக்கக் கை இல்லை.

"புகை போட்டுப் பாத்துடலாம்" என்றாள்.

அண்ணனிடம் புகை போடுவதற்கு வெளிநாட்டு மெஷின் இருந்தது. இவர்களிடம் இருந்தது டாக்டர் செய்தது: பழைய பெயின்ட் டப்பா, உள்ளே எண்ணெயில் ஊறிய திரி, அதைச் சுட வைக்க ஒரு கம்பிச்சுருள், காற்றுக்கு மீன்தொட்டி மோட்டார். இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு சின்னக் குழாய் வழியாக உள்ளே புகையை அனுப்பினால், கசிகிற இடத்தில் அது வெளியே வந்து காட்டிக்கொடுக்கும்.

"மாப்பிள்ளை, மீன் எங்க?" என்று சாலைக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் கத்தினார்.

"பிடிச்சதும் காட்டுறேன் மச்சான்!"

புகை போனது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தலைவரும் குனிந்தார், வயிறு விட்ட அளவுக்கு. எங்கேயும் ஒரு இழை வெளியே வரவில்லை.

"இதைத்தான் எங்க புகை மெஷினும் சொல்லுச்சு" என்று அண்ணன் சாலையைக் கடந்து வந்தார். "கசிவு இல்ல. ஒண்ணுமில்ல. மத்தியானம் ஆகப்போகுது தங்கச்சி."

 அந்த மேஜை அவள் கண்முன் வந்தது. அதன் மேலிருக்கும் பிளாஸ்டிக் பூ, அதன்மேல் தினமும் அவள் துடைக்க வேண்டிய தூசி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொப்பியோடு நின்று "குட் மார்னிங் சார்" சொல்லப்போகிற புருஷன்.

தலைவர் பொறுமை இழந்திருந்தார். வண்டியில் ஏறி இன்ஜினைக் கிளப்பினார். பூனை உறுமல். "அட, சரியாயிடுச்சே! என்ன இருந்தாலும் தொழிலாளி கை பட்டா..." என்று ஜன்னல் வழியே ஒரு சின்ன உரையை ஆரம்பித்தார். கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார். கை தட்டலில் மயங்கிய டாக்டர், ஆபரேஷன் முடிந்த தோரணையில் பானெட்டைப் பட்டென்று மூடினார்.

இன்ஜின் அலறி ஏறியது. விழுந்தது. திணறியது. தலைவரின் உரையும் கூடவே திணறி நின்றது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று அண்ணன் கைகொட்டிச் சிரித்தார். டாக்டர் பதறிப்போய் மறுபடி பானெட்டைத் திறந்தார். இன்ஜின் அடங்கியது.

"நில்லுங்க!" என்று தங்கச்சி போட்ட கத்தலில் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்னங்க, மூடுங்க."

மூடினார். அலறல்.

"திறங்க."

அமைதி.

"மூடுங்க!"

அலறல். டிரைவர்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "திற!" என்று மொத்தத் தெருவும் கத்தியது. அமைதி. "மூடு!" அலறல். "திற!" டாக்டர் கை வலிக்கும்வரை திறந்து மூடினார். பால் பாத்திரத்துக்கு மூடி போட்டு எடுப்பதுபோல் இருந்தது. தலைவர் உள்ளே உட்கார்ந்தபடியே, எதற்கென்று தெரியாமல், தானும் ஒருமுறை "மூடு!" என்றார்.

"தலைவரே, பிரேக் எப்படி இருக்கு?" என்று அவள் ஜன்னலில் குனிந்தாள்.

"கல்லை மிதிக்கிற மாதிரி இருக்கும்மா. ஆனா எனக்குக் காலு பலம்."

"நிக்கும்போதுதானே? பானெட்டு மூடியிருக்கும்போது?"

"பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு நான் எப்பம்மா ஓட்டினேன்?"

அவள் நிமிர்ந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மேஜையில் உட்கார்ந்து ஒருநாளும் வராத சிரிப்பு. "அதேதாங்க! ஓட்டுறவங்க மூடி வெச்சு ஓட்டுறாங்க. நாம எல்லாரும் திறந்து வெச்சே பாக்குறோம். வாயைப் பொத்தினாத்தான் வர்ற வலியை, வாயைத் திற வாயைத் திறன்னா எப்படித் தெரியும்? மூடி வெச்சுப் புகை போடலாம்."

"மூடிட்டா உள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் அண்ணன். "எங்க மெஷின் புத்தகத்துல அப்படி ஒரு முறையே இல்ல."

"உன் புத்தகம் வெயில்ல நிக்குதா அண்ணே? நாங்க நிக்கிறோம். கொஞ்சம் தள்ளு."

இன்ஜினை அணைத்தார்கள். டாக்டர் வண்டிக்கு அடியில் படுத்து, புகைக் குழாயைக் கீழ்வழியாகவே மேலே கொண்டுபோய்ச் செருகிவிட்டு வெளியே உருண்டு வந்தார். பானெட்டை அவளே மெதுவாக அழுத்தி மூடினாள். மீன்தொட்டி மோட்டார் கிர்ரென்றது.  ஒரு டிரைவர் சக்கரத்துப் பக்கம் குனிந்து பார்த்தார், இன்னொருவர் விளக்குப் பக்கம். அவள் பானெட் இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றாள். ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை.

"ஏய்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிழிந்தது. "சிங்கம் தம் அடிக்குதுடா!"

பித்தளைச் சிங்கத்தின் பிளந்த வாயிலிருந்து வெள்ளைப் புகை, சாவகாசமாக, சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது. பிறகு மூக்கிலிருந்தும். தெருவே வெடித்துச் சிரித்தது. வண்டிகளில் ஏறி ஹாரன் அடித்தார்கள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, அதுக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுங்கடா" என்றார். டாக்டர் தன்னை மறந்து மச்சானைக் கட்டிப் பிடித்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் பத்து விரலும் பதிந்தது.

அவள் பானெட்டைத் தூக்கிக் கீழ்ப்புறத்தில் கையை ஓட்டினாள். சிங்கத்தைப் பூட்டிய போல்ட், நட்டைத் தாண்டிக் கட்டைவிரல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றது. அதற்கு நேர் கீழே, இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பைப் பிரேக்குக்குக் கொண்டுபோகிற தடிமனான ரப்பர் ஹோஸ். அதன் முதுகில் நகக்கீறல் அளவு ஒரு வெட்டு. விட்டால் மூடிக்கொள்கிறது, கண்ணுக்கே தெரிவதில்லை. பானெட்டை மூடினால் போல்ட் முனை வந்து அதைப் பிளக்கிறது. அங்கே கசிந்த புகை, போல்ட்டுக்காகப் போட்ட ஓட்டை வழியே ஏறி, உள்ளே வெற்றாக இருந்த சிங்கத்துக்குள் போய்விட்டது.

"இங்க பாருங்க! இங்கதான் காத்தை இழுக்குது! எந்த முட்டாள் இவ்வளவு நீள போல்ட்டைப் போட்டான்? ஓட்டையைப் பாருங்க, கை நுழையும் போல..."

அதற்கப்புறம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. தெருவில் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அண்ணன் ஸ்பேனரோடு சிங்கத்தைப் பூட்டுகிற அந்தப் படத்தைச் சங்க அலுவலகத்தில் மாட்டியிருந்தார்கள். ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லா முகமும் அண்ணன் பக்கம் திரும்பியது.

அண்ணன் சட்டையிலிருந்த விரல் தடங்களைப் பார்த்தார். "அது... இம்போர்ட்டட் போல்ட்" என்றார்.

"இறக்குமதி பண்ணவன் இன்னும் கொஞ்சம் இறக்கிட்டான் போல" என்றார் அம்மா.

"சிங்கத்தைக் கழட்டணுமா?" தலைவரின் குரல் முதல்முறையாகத் தழுதழுத்தது. "அது இல்லாம நான் எப்படிம்மா செயற்குழுவுக்குப் போறது?"

"கழட்ட வேண்டாம் தலைவரே. போல்ட்டைக் குறைச்சா போதும். ஹோஸை மாத்தணும். பிரேக் ஹோஸ், விளையாட்டு இல்ல."

ஹேக்‌ஷா பிளேடை எடுத்து, விழுகிற தூளுக்கு அடியில் துணியைப் பிடித்துக்கொண்டு, நட்டை ஒட்டிப் போல்ட்டை அறுத்தாள். முனையை அரத்தால் தேய்த்தாள். ஓட்டைக்கு ரப்பர் வாஷர் வைத்தாள். டாக்டர் பழைய ஹோஸை உருவிப் புதியதைச் செருகிக் கிளிப்பை முறுக்கினார். யாரும் "ம்" என்று சொல்லவில்லை. தலைவர் இன்ஜினைக் கிளப்பினார். அவள் பானெட்டைப் பிடித்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். விட்டுவிட மனம் வரவில்லை. பிறகு விட்டாள். பட்.

பூனை உறுமல்.

ஏசியைப் போடச் சொன்னாள். உறுமல் ஒரு நூல் இறங்கி, தன்னைச் சரிசெய்துகொண்டு, நின்றது. பிரேக்கை மிதிக்கச் சொன்னாள். "பஞ்சு!" என்றார் தலைவர். டிரைவர்கள் விசிலடித்தார்கள். டாக்டர் குழாயை மாலைபோல் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

கைதட்டல் என்றால் தலைவருக்கு உரை வந்துவிடும். வண்டியிலிருந்து இறங்கிச் சிங்கத்தின் தலையைத் தடவினார். "தோழர்களே! வண்டிக்குள்ள இருந்த குறையை வெளியே கொண்டுவந்தது யாரு? இந்தச் சிங்கம்! எங்கே கசிவுன்னு புகைவிட்டுக் காட்டுச்சு பாருங்க. எத்தனை வண்டிக்கு இந்த வசதி இருக்கு? இந்தச் சிங்கத்தைக் கொடுத்தவரையும் நாம மறக்கக் கூடாது. ஆகவே எந்த ஒர்க்‌ஷாப் என்பதைச் செயற்குழு கூடி, நிதானமா..."

"நிதானமா" என்ற சொல் அவள் நெஞ்சில் போல்ட்போல இறங்கியது. செயற்குழு போன வருஷம் கூடியபோது, அடுத்து எப்போது கூடுவது என்பதில் சண்டை வந்து கலைந்தது.

"ஆமாமா, செயற்குழுதான் சரி" என்று அண்ணன் தெம்பாகிவிட்டார். "அதுவரைக்கும் தங்கச்சி, திங்கக்கிழமை..."

"எம்.டி., ஒரு நிமிஷம்." முன்வரிசையில் நின்ற டிரைவர் தன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தார். "செயற்குழு கூடும்போது கூடட்டும். அக்கா, என் வண்டி நின்னா நடுங்குது. மூடி வெச்சு ஒருதடவை பாத்துடறீங்களா?"

"என்னுது கிளப்பினதும் உஸ்ஸுங்குதுக்கா. பொண்டாட்டி பாம்பு இருக்குன்னு ஏற மாட்டேங்கிறா."

"முதல்ல நான் வந்தேன்!"

"நீ வேடிக்கை பாக்க வந்த. நான் ரிப்பேருக்கு வந்தேன்!"

ஒருவர் வண்டியைக் கிளப்பினார். அவருக்கு முந்த இன்னொருவர். தெரு நெடுக நின்றவை எல்லாம் மூக்கைத் திருப்பி ஷெட்டுக்குள் நுழையப் பார்த்தன. கதவே இல்லாததால் தடுக்கவும் வழியில்லை. தலைவர் "தோழர்களே, ஒழுங்கு!" என்று கத்தினார், அவருடைய நீள வண்டியே நடுவில் குறுக்காக நின்று எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் காதில் குழாயோடு "அடுத்து யாரு? எத்தனை நாளா இருக்கு?" என்று வண்டிக்கு வண்டி ஓடினார். அவள் கையில் ஒரே நேரத்தில் நாலு சாவி. ஐந்தாவதை ஒருவர் அவள் சட்டைப் பையில் போட்டார். பெயின்ட் டப்பா ஒன்றுதான், கை நாலுதான். அவளுக்கு மூச்சு முட்டியது, சிரிப்பும் நிற்கவில்லை.

சத்தத்துக்கு மேல் எம்பிப் பார்த்தாள். அண்ணன் எப்போதோ நழுவித் தன் கண்ணாடிக் கதவின் முன்னால் போய் நின்றிருந்தார். உள்ளே நீலத் தொப்பிகள் வரிசையாக மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இந்தப் பக்கத்தை வேடிக்கை பார்த்தன. அவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை.

"அண்ணே!" என்று அவள் கத்தினாள். "சும்மாதானே நிக்கிற? உன் புகை மெஷினைத் தூக்கிட்டு வா!"

அவர் கேட்காததுபோல் நின்றார்.

"எம்.டி.யைக் கூப்பிடல. என் அண்ணனைக் கூப்பிடுறேன். ஸ்பேனர் பிடிக்க மறந்துபோச்சா?"

அண்ணன் உள்ளே போனார். வெளியே வந்தபோது ஒரு கையில் மெஷின் இருந்தது, இன்னொரு கை சட்டைப் பித்தானை அவிழ்த்துக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் சாலை விளிம்பில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். வண்டி எதுவும் வரவில்லை. எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன.